விலையையும் குட்டியின் முகத்தையும் அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டு விலங்குகள் பிடிபட்ட செய்தி உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. பாங்காக்கிலிருந்து வந்த பயணி, பெட்டிக்குள் பாம்பும் ஆமையும் குரங்குக் குட்டியும், சுங்கத்துறை பறிமுதல், சர்வதேசச் சந்தையில் இத்தனை லட்சம் மதிப்பு. கூடவே ஒரு படம். அதிகாரியின் கையுறைக்குள்ளிருந்து பெரிய கண்களோடு எட்டிப் பார்க்கும் குட்டி. அந்தப் படம் உங்கள் முகநூல் பக்கத்தில் ஏறியதும் அதன் கீழே வரும் கருத்துகளை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். "எவ்ளோ அழகு", "எங்க கிடைக்கும் ப்ரோ", "இத வீட்ல வளர்க்கலாமா?" என்று கேட்பவர்களே அதிகம். கடத்தலைக் கண்டிக்க எழுதிய செய்தி, விற்பவருக்குச் செலவில்லாத விளம்பரமாகப் போய்ச் சேர்கிறது.

அயல்நாட்டுச் செல்லப்பிராணிகளுக்குச் சிகிச்சை அளிப்பவர்களும், மீட்கப்படும் பறவைகளையும் ஊர்வனவற்றையும் பராமரிப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் வேண்டுகோள் எளிமையானது. இத்தகைய செய்திகளில் சந்தை விலையைப் போடாதீர்கள். குட்டியின் முகத்தை அருகில் காட்டும் படத்தையும் போடாதீர்கள். ஏன் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும். எங்கள் கடிதத்திலும் எந்த விலங்கின் விலையையும் விற்பவர்களின் குறிச்சொற்களையும் எழுதவில்லை.

ஒரு வீடியோ என்ன செய்யும் என்பதற்கு உலகம் நன்கறிந்த சான்று ஸ்லோ லோரிஸ். நம் தேவாங்கின் உறவுக்காரன். 2009-இல் யூடியூபில் பரவிய ஒரு வீடியோவில், மல்லாந்து கிடக்கும் லோரிஸை ஒருவர் அக்குளில் கூசச் செய்கிறார். அது இரண்டு கைகளையும் மெல்லத் தலைக்கு மேல் தூக்குகிறது. பார்த்தவர்கள் அதைச் சுகம் என்று நினைத்தார்கள். உண்மையில் அது அச்சத்தில் எடுக்கும் தற்காப்பு நிலை. லோரிஸின் மேல்கையின் உட்பக்கத்தில், முழங்கைக்கு அருகே ஒரு சுரப்பி உண்டு. அதில் ஊறும் நீரை நக்கி எச்சிலோடு கலந்தால் நஞ்சாகும். கையைத் தூக்குவது வாயை அந்தச் சுரப்பிக்கு அருகில் கொண்டுபோவதற்காக. நஞ்சுள்ள பாலூட்டிகள் உலகில் மிகச் சில, அவற்றில் இதுவும் ஒன்று. கடிபட்ட மனிதருக்குக் கடும் ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் விற்பவர்கள் விற்பதற்கு முன்பே மயக்க மருந்து எதுவும் கொடுக்காமல் நகவெட்டியாலோ குறடாலோ அதன் முன்பற்களை நறுக்கிவிடுகிறார்கள். பல் வேரில் சீழ் பிடித்துப் பல லோரிஸ்கள் சாகின்றன. பிழைத்தவற்றை மீட்டாலும் காட்டில் விட முடியாது. மரப்பட்டையைச் சுரண்டிப் பிசின் தின்னும் விலங்குக்குப் பல் இல்லாமல் என்ன வாழ்வு? பகலில் உறங்கி இரவில் உலவும் அந்தக் கண்களுக்கு வீடியோ எடுக்கப் போடும் வெளிச்சமே பெரும் வாதை.

இதில் கவனிக்க வேண்டிய காலக்கணக்கு ஒன்று உண்டு. வீடியோ வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2007-இல், ஸ்லோ லோரிஸ் இனங்கள் அனைத்தும், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்பாட்டின் முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டிருந்தன. நாடுவிட்டு நாடு வணிகம் செய்வதற்கு முழுத் தடை. அந்தத் தடையைப் பற்றி அறிந்தவர்கள் சிலர். வீடியோவைப் பார்த்தவர்கள் பல லட்சம். அதன் கீழ் வந்த கருத்துகளை ஆராய்ந்த ஆய்வு 2013-இல் வெளியானபோது, "எனக்கும் ஒன்று வேண்டும்" என்ற குரல் அவற்றில் திரும்பத் திரும்ப ஒலித்தது தெரியவந்தது. அதே 2013-இல் தாய்லாந்தின் புக்கெட்டில் பாடகி ரிஹானா லோரிஸோடு எடுத்த செல்ஃபி இன்ஸ்டாகிராமில் வெளியானதும், விலங்கை வைத்துப் பணம் வாங்கிப் படமெடுக்கவிட்ட இருவரைக் காவல்துறை கைது செய்தது. செல்ஃபி அதற்குள் உலகைச் சுற்றி வந்துவிட்டது.

இந்த வகை வீடியோக்களில் வருவது பெரும்பாலும் குட்டிகள். குட்டி வளரும், கடிக்கும், நாறும், கத்தும். அப்போது அதைக் காட்டினால் பார்வை விழாது. எனவே கணக்கை நடத்துபவருக்குப் புதுப்புதுக் குட்டிகள் வேண்டும். உங்கள் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ஒரு விலங்குக் கணக்கைத் திறந்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகள் வரை கீழே இறங்கிப் பாருங்கள். அப்போது இருந்த மர்மோசெட் என்ற சின்னஞ்சிறு குரங்கு இப்போது எங்கே? அந்த ஓணான் போன்ற பச்சை இகுவானா எங்கே? புதியவை வந்துகொண்டே இருந்து, பழையவை சொல்லாமல் மறைந்துவிட்டால், அந்தக் கணக்கு விலங்கை வளர்க்கவில்லை, செலவழிக்கிறது. "மீட்பு" என்ற பெயரில் வரும் வீடியோக்களுக்கும் இதே சோதனை பொருந்தும். சாக்கடையில் விழுந்த குட்டி, பாம்பு சுற்றிய நாய்க்குட்டி என்று ஒரே ஆளின் கண்ணில் வாரந்தோறும் ஆபத்தில் சிக்கிய குட்டி படுகிறதென்றால், அதை ஆபத்தில் வைத்தவரும் அவராகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

பார்ப்பதிலிருந்து வாங்குவதற்கு இப்போது வெகுதூரம் போக வேண்டியதில்லை. முன்பு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ பிராட்வே பக்கமோ நேரில் போய்க் கூண்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்று ஒரு குட்டி வீடியோவில் நான்கு விநாடி விரல் நின்றால் போதும், அடுத்த வேளை அதே வகையில் பத்து வீடியோக்களைச் செயலியே கொண்டுவந்து நிறுத்துகிறது. அவற்றில் இரண்டு மூன்று விற்பவர்களுடையவை. பதிவில் விலை இருக்காது, "விலைக்கு இன்பாக்ஸ்" என்று மட்டும் இருக்கும். சில இடங்களில் விற்பனை என்ற சொல்லே வராது, "தத்துக்கு" என்று வரும். இன்பாக்ஸில் எழுதினால் வாட்ஸ்அப் எண் வரும், அங்கிருந்து குழு, குழுவிலிருந்து டெலிகிராம். சரக்கு வந்ததும் படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறும். 24 மணி நேரத்தில் அவை தாமாக அழிந்துவிடுவதால் சாட்சியமும் அழிகிறது. பேச்சுமொழி முழுக்க வளர்ப்போரின் மொழிதான். ஹேண்ட் ஃபீட் சிக் (கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு), செமி அடல்ட் (பாதி வளர்ந்தது), டிஎன்ஏ பேப்பர் இருக்கு, ஃபுல் டேம் (முழுக்கப் பழகியது). இந்தச் சொற்களைக் கேட்டதும் புதிதாக வாங்க வருபவருக்கு நம்பிக்கை பிறந்துவிடுகிறது. டிஎன்ஏ பேப்பர் என்பது பறவை ஆணா பெண்ணா என்று சொல்லும் ஆய்வகச் சீட்டு. அது உடைமைச் சான்றும் அல்ல, இறக்குமதி அனுமதியும் அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் வாங்குபவர்கள் அதைத்தான் நீட்டுகிறார்கள்.

பணம் யுபிஐயில் போகும். உயிர் ஆம்னி பஸ்ஸில் பார்சலாக வரும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி, மேலே "பழம்" என்றோ "துணி" என்றோ எழுதியிருக்கும். அதை வைக்கும் இடம் இன்ஜின் சூட்டை ஒட்டியோ காற்றில்லாத அடித்தட்டிலோ அமைந்துவிட்டால், காலையில் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே கிடப்பது பிணம். இன்னொரு வகையும் உண்டு. முன்பணம் வாங்கியபின் போக்குவரத்துக் கூண்டு, தடுப்பூசி, விமான நிலைய கிளியரன்ஸ் என்று அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுக் காணாமல் போவார்கள். அவர்களிடம் விலங்கே இருந்திருக்காது, யாரோ எடுத்த வீடியோதான் இருந்திருக்கும். ஏமாந்தவர் காவல் நிலையம் போகத் தயங்குவார். வாங்க முயன்றதே குற்றம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

விமான வழியைப் பற்றி உங்கள் செய்திகளில் விடுபடுவதைச் சொல்கிறோம். பாங்காக்கின் சத்துசக் போன்ற சந்தைகளில் உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த விலங்குகள் கிடைக்கும். குருவிகளாக, அதாவது பிறருக்காகப் பொருள் கடத்தும் கூலியாட்களாக, போய்வரும் பயணிகளுக்கு விமானக் கட்டணமும் கொஞ்சம் கூலியும் கிடைக்கும். 2022 ஆகஸ்டில் சென்னையில் பாங்காக் பயணி ஒருவரின் உடைமையில் ஆப்பிரிக்காவின் டி பிராசா குரங்கு ஒன்று, 15 கிங் ஸ்னேக் வகைப் பாம்புகள், பால் பைத்தான் என்ற மலைப்பாம்புகள் 5, 2 அல்டாப்ரா ஆமைகள் இருந்தன. 2023 ஆகஸ்டில் பெங்களூருவில் பிடிபட்ட பெட்டிகளில் 234 விலங்குகள். அவற்றில் இருந்த கங்காரு குட்டி மூச்சுத் திணறி இறந்திருந்தது. 2024 ஏப்ரலில் அதே பெங்களூருவில் 10 மஞ்சள் அனகொண்டாக்கள். வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2025-இல் சொன்ன கணக்குப்படி, அதற்கு முந்தைய மூன்றரை ஆண்டுகளில் தாய்லாந்து–இந்தியா விமானப் பாதையில் உயிரோடும் பிணமாகவும் பிடிபட்டவை 7,000-க்கும் மேல். பிடிபடாதவற்றுக்குக் கணக்கு ஏது?

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்றால், பாம்புகளைத் துணிப்பைகளில் முடிச்சுப் போட்டு அடுக்குகிறார்கள். ஆமைகளின் கால்கள் அசையாதபடி ஓட்டோடு சேர்த்துப் பசைநாடா சுற்றுகிறார்கள். குட்டிக் குரங்குகளும் பறவைக் குஞ்சுகளும் உணவு வாங்கிவரும் பிளாஸ்டிக் டப்பாக்களில். ஸ்கேனரில் தெரியாமலிருக்கச் சாக்லேட், பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவே வைக்கிறார்கள். பறக்கும் நேரம் மூன்றரை மணிதான். ஆனால் அறையில் கட்டத் தொடங்கியதிலிருந்து இங்கே யாரோ ஒருவர் வீட்டில் பிரிப்பது வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பிறந்து சில வாரமான குரங்குக் குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் வேண்டும். தாயின் வயிற்றுச் சூட்டில் ஒட்டியிருக்க வேண்டிய உடல் அது. தானாகச் சூட்டைத் தக்கவைக்கத் தெரியாது. உடல் குளிர்ந்ததும் குடல் நின்றுவிடும், சர்க்கரை இறங்கிவிடும். பிடிபட்ட பிறகும் அதற்கு விடிவில்லை. வழக்கமான நடைமுறைப்படி, எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டுக்கே அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படுகிறது. நோய்த் தொற்று உள்ளே வராமலிருக்க எடுக்கும் அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீர்ச்சத்து வற்றிய உடலோடு இரண்டாவது பயணம். "பத்திரமாகத் திருப்பி அனுப்பப்பட்டது" என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது.

பிடிபடாமல் வெளியே வந்தவை வந்து சேருவது எங்கள் மேசைக்கு, அதுவும் கடைசி நேரத்தில். வீடியோவில் கைக்குள் அடங்கும் பச்சை இகுவானா ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும். அதற்கு வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது, கண்ணாடி தடுத்துவிடும். விளக்கு வாங்கிப் போட்டவர்களும் அது எரிகிறதே என்று ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் இருக்கிறார்கள். வெளிச்சம் வந்துகொண்டிருந்தாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அந்தக் கதிர் குறைந்துவிடும். வெள்ளரிக்காயும் லெட்யூஸும் மட்டும் கொடுத்தால் கால்சியமும் இல்லை. சில மாதங்களில் தாடை ரப்பர்போல் வளையும், பின்னங்கால்கள் "நல்லாத் தின்னு கொழுத்திருக்கு" என்று சொல்லும்படி வீங்கும், விரல்கள் துடிக்கும். கொழுப்பல்ல அது. எலும்பு கரைந்து, அந்த இடத்தில் நார்த்திசு அடைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவலை ரசிப்பதாகக் காட்டப்படும் இகுவானாவும் ரசிக்கவில்லை. தப்ப வழியில்லாதபோது கண்ணை மூடிக்கொள்கிறது.

மர்மோசெட் தென்னமெரிக்கக் குரங்கு. அதன் உடலுக்கு வைட்டமின் டி3 வேண்டும், டி2 சரிவராது. வாழைப்பழமும் பிஸ்கட்டும் தின்று வளரும் குட்டிக்கு எலும்பு முறிவது சாதாரணம். அதைவிடக் கொடியது முத்தம். காய்ச்சலுக்குப் பின் நம் உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் நமக்குச் சிறு தொந்தரவு. மர்மோசெட்டுக்கு அது சில நாட்களில் உயிரைப் பறிக்கும் நோய். வீடியோக்களில் அந்தக் குட்டியை வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுவதைத்தான் அதிகம் காட்டுகிறார்கள். சுகர் கிளைடர் அணில் போன்ற உருவில், கூட்டமாக வாழும் இரவு விலங்கு. தனியாக வைத்தால் தன் வாலையும் தோலையும் தானே கடித்துக்கொள்ளும். பழம் மட்டும் கொடுத்தால் கால்சியம் குறைந்து பின்னங்கால் விழுந்துவிடும். பால் பைத்தானுக்குக் கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி என்று இரண்டு வெப்பநிலையும் ஈரப்பதமும் வேண்டும். ஏசி அறையில் 22 டிகிரியில் வைத்துவிட்டு "ஒரு மாசமா எலி எடுக்கல" என்று வருகிறார்கள். குளிரில் அது செரிக்க முடியாது, மூச்சுக்குழாயில் சளி கட்டி வாயைத் திறந்தபடி கிடக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுக் கல்லை வாங்கிப் போட்டால் வயிற்றுத் தோல் வெந்துவிடும்.

பறவைகளில் மக்காவ், சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே ஆகிய வெளிநாட்டுக் கிளிகளின் குஞ்சுகளைப் பதினைந்து இருபது நாளிலேயே கூட்டிலிருந்து எடுத்துக் கையால் ஊட்டி வளர்த்தால் மனிதரோடு ஒட்டும் என்று விற்கிறார்கள். ஊட்டிப் பழகாதவரிடம் சிரிஞ்சும் மாவும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். மாவுக் கஞ்சி 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 43-ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்து, சில நாள் கழித்து நெஞ்சில் ஓட்டை விழுந்து கஞ்சி வெளியே ஒழுகும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் ஆறியும் இன்னோரிடம் கொதித்தும் இருக்கும், விரலுக்குத் தெரியாது. சூடு குறைந்தால் தீனி இறங்காமல் தேங்கிப் புளிக்கும். சிரிஞ்சைக் குஞ்சின் இடது அலகோரம் வைத்து வலது பக்கம் நோக்கிச் செலுத்த வேண்டும், உணவுக்குழாய் வலப்புறம் இருக்கிறது. மாறினால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும். இதையெல்லாம் முப்பது விநாடி ரீல்ஸில் யாரும் சொல்வதில்லை. இறகைப் புஸ்ஸென்று உப்பிக்கொண்டு கண் சொக்கி உட்கார்ந்திருக்கும் குஞ்சை "தூக்கம் வருது செல்லத்துக்கு" என்று தலைப்பிட்டுப் போடுகிறார்கள். பறவை நோயை மறைக்கும் உயிர். அது வெளியே காட்டும் அளவுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் கடைசிக் கட்டம்.

வெளிநாட்டு விலங்குகளை மட்டும் பேசிவிட்டு நிறுத்த முடியாது. கடிகாரத்தின் இரு முட்களையும் பார்த்தால்தான் நேரம் தெரியும். இந்த வணிகத்தில் இங்கிருந்து வெளியே போவதும் உண்டு. நம் நட்சத்திர ஆமை தமிழகம், ஆந்திரம், கர்நாடகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு சேகரிப்பு மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 இளம் ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கண்டது. 2019-இல் இது சைட்ஸின் முதல் பட்டியலுக்குப் போனது. இப்போது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இருக்கிறது. வாங்கினாலும் வைத்திருந்தாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "வீட்டில் ஆமை இருந்தால் செல்வம் சேரும்" என்ற வாஸ்து வீடியோக்களை இன்றும் தமிழில் பார்க்கலாம். தக்காளியும் சோறும் தின்று, வெயில் படாத மீன் தொட்டியில் வளரும் ஆமையின் ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்துவிடும். அந்தக் கூம்புகளைத்தான் "என்ன அழகான டிசைன்" என்று காட்டுகிறார்கள்.

பச்சைக்கிளி விஷயம் இன்னும் பரவலானது. நாம் பச்சைக்கிளி என்று சொல்லும் செந்தார்ப் பைங்கிளியையும் பெரிய பச்சைக்கிளியையும் கூண்டில் வைப்பது குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 2023-இல் சென்னையில் ஒரு நடிகரின் வீட்டைச் சுற்றிக்காட்டிய யூடியூப் வீடியோவில் கிளிகள் தெரிந்ததால் வனத்துறை போய் அவற்றை மீட்டது, அபராதமும் விதித்தது. அச்செய்தி வந்தபின் கிளி வைத்திருந்த சிலர் பயந்து கூண்டைத் திறந்துவிட்டார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குஞ்சிலிருந்து வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, பருந்தைக் கண்டு ஒதுங்கத் தெரியாது. வெட்டிய சிறகு அடுத்த இறகுதிர்வில்தான் முளைக்கும், அதற்கு மாதங்கள் ஆகும். வனத்துறையிடம் ஒப்படைத்தால் பெரிய கூண்டில் பறக்கப் பழக்கி, கூட்டத்தோடு சேர்த்து விடுவார்கள்.

திறந்துவிடுவதில் இன்னொரு கேடு செங்காது ஆமை என்ற வெளிநாட்டு நீராமை. தீப்பெட்டி அளவில் வாங்கியது முப்பது சென்டிமீட்டர் வரை வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களில் ஒன்றாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் (ஐயுசிஎன்) இதைப் பட்டியலிட்டிருக்கிறது. நம் கருப்பு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். குழந்தைகளுக்குச் சால்மோனெல்லாத் தொற்று வருகிறது என்பதற்காக, பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை அமெரிக்காவே 1975-இல் தடை செய்துவிட்டது. அதே அளவு ஆமைதான் இங்கே பிறந்தநாள் பரிசாகப் போகிறது.

"எக்ஸாடிக்தானே, லைசென்ஸ் வேண்டாம்" என்று விற்பவர்கள் சொல்வது ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்தது. இப்போது இல்லை. 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. சைட்ஸ் பட்டியல் விலங்குகள் அதில் தனி அட்டவணையாகச் சேர்க்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் பதிய வேண்டும். குஞ்சு பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். கிளிக் குடும்பத்தில் சைட்ஸ் பட்டியலுக்கு வெளியே இருப்பவை நான்குதான். தெருவில் "லவ் பேர்ட்ஸ்" என்று விற்கும் பட்ஜி, காக்கடீல், பீச் ஃபேஸ் லவ் பேர்ட், நம் செந்தார்ப் பைங்கிளி. கடைசியாகச் சொன்னதை நம் நாட்டுச் சட்டமே காக்கிறது. ஃபிஷர் லவ் பேர்ட், சன் கன்யூர் என்று மாடியில் பலர் வைத்திருப்பவை பதிவுக்கு உரியவை. ஆப்பிரிக்கன் கிரே 2017-இலிருந்து சைட்ஸின் முதல் பட்டியலில் இருக்கிறது. சட்டத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. சுகர் கிளைடர், கீரி இனத்து மீர்கட் போன்றவை சைட்ஸில் இல்லாததால் பதிவு தேவைப்படாது. 2020-இல் ஆறு மாதம், வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தந்த அறிவிப்பு ஆவணம் கேட்காமல் ஏற்கப்பட்டது. அதற்குப்பின் கடத்திவந்த குஞ்சையும் "முன்பே அறிவித்த ஜோடிக்குப் பிறந்தது" என்று காட்ட அது வழிவிட்டது. மரபணுச் சோதனையால் தாய் தந்தையைச் சரிபார்க்கும் நடைமுறை வராதவரை அந்த ஓட்டை அடைபடாது. எந்த விலங்கானாலும், உரிமமும் ஏற்றுமதி நாட்டு அனுமதியும் தனிமைப்படுத்தலும் இன்றிக் கொண்டுவந்தால் சுங்கச் சட்டப்படி கடத்தல்தான்.

சமூக ஊடக நிறுவனங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2017 டிசம்பரில் சில குறிச்சொற்களைத் தேடினால் எச்சரிக்கை காட்டும் ஏற்பாட்டை இன்ஸ்டாகிராம் கொண்டுவந்தது. 2018 மார்ச்சில் இணையவழி வன உயிரினக் கடத்தலுக்கு எதிரான கூட்டணி அமைந்தது, பெரிய நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. ஆனால் எழுத்தை மாற்றி எழுதினால் எச்சரிக்கை வராது. விற்பனைப் பதிவை நீக்கினாலும், விற்பனைக்கு ஆளைத் திரட்டும் கொஞ்சல் வீடியோ விதிமீறல் ஆகாமல் தப்பிவிடுகிறது.

அப்படி ஒன்றைப் பார்க்கும் வாசகர் பொதுவாகக் கோபத்தில் கீழே திட்டி எழுதுவார், அல்லது "இந்த ஆளைப் பாருங்கள்" என்று பகிர்வார். இரண்டுமே வீடியோவை இன்னும் பலருக்குக் கொண்டுபோகும், செயலிக்குத் திட்டும் பாராட்டும் ஒன்றே. கருத்து எழுதாதீர்கள், பகிராதீர்கள். இணைப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள். கணக்கின் பெயர், தேதி, விலங்கு மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் தென்மண்டல அலுவலகம் வைத்திருக்கும் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவுக்கோ, மாவட்ட வன அலுவலருக்கோ அனுப்புங்கள். அதற்குப் பிறகு செயலியில் புகார் கொடுங்கள். வரிசை முக்கியம். முதலில் செயலிக்குப் புகார் போய்ப் பதிவு நீங்கிவிட்டால் விசாரிப்பவருக்குத் தடயம் கிடைக்காது. நீங்களே வாங்குபவர்போல் பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம், விற்பவர் உஷாராகிக் கணக்கை மாற்றிவிடுவார். காட்டில் தேவாங்கையோ நட்சத்திர ஆமையையோ கண்டு படமெடுத்தால் இடத்தைக் குறிப்பிடாதீர்கள், கைப்பேசியின் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள். கரூர், திண்டுக்கல் எல்லையில் 11,806 ஹெக்டேரில் 2022-இல் தேவாங்குக்கென்றே கடவூர் சரணாலயம் அமைந்தது. அங்கே எந்த மரத்தில் எந்த இரவில் பார்த்தோம் என்று போடும் பதிவு, பிடிக்க வருபவனுக்கு வழிகாட்டும் பலகை.

இனி உங்கள் பங்கு. பறிமுதல் செய்தியில் குட்டியின் முகத்துக்குப் பதிலாக அது வந்த பெட்டியை, சுற்றியிருந்த பசைநாடாவை, முடிச்சிட்ட துணிப்பையைப் படமாகப் போடுங்கள். சுங்கத்துறை தரும் செய்திக் குறிப்பில் மதிப்பு இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். அந்தத் தொகை விற்பவருக்கு அடுத்த பேரத்தின் தொடக்க விலை. அந்த வரி இருந்த இடத்தில், வாங்குபவருக்கும் தண்டனை உண்டு என்ற வரியைச் சேருங்கள். உங்கள் இணையப் பிரிவினர் மற்றக் கணக்குகளிலிருந்து எடுத்துப் போடும் "க்யூட் வீடியோ"க்களில் காட்டுவிலங்கு மனிதர் வீட்டுக்குள் இருந்தால் அதை எடுக்க வேண்டாம் என்று ஓர் உள்விதி போதும், செலவே இல்லை. மர்மோசெட், லோரிஸ், சுகர் கிளைடர் வைத்திருக்கும் பிரபலங்களின் வீட்டுச் சுற்றுலாக் கட்டுரைகளும் அப்படியே. முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். பறிமுதலாகிப் பத்து நாள் கழித்து உங்கள் செய்தியாளர் சுங்கத்துறையையும் வனத்துறையையும் அழைத்து, திருப்பி அனுப்பப்பட்டவற்றில் எத்தனை உயிரோடு போய்ச் சேர்ந்தன, கொண்டுவந்தவர்மீது வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, யாருக்காகக் கொண்டுவந்தார் என்று கேட்டு, கிடைத்த பதிலை முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்களும் விலங்குப் பராமரிப்பாளர்களும் சிலர்,
சென்னை.